பியூலா மிஸ்ஸும் ஒன்றே கால் கிலோ கூடாரமும்

செய்தி வந்தபோது ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கைபேசியில் பியூலாவின் தம்பி சாமுவேல். "அக்கா போயிட்டாங்க மிஸ். காலைல ஆறே காலுக்கு" என்றார். பச்சை விளக்கு எரிந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை ஓரமாகத் தள்ளினேன்.

சேலையூர்ப் பக்கம் உள்ள எங்கள் பள்ளியில் பியூலா வேதியியல் ஆசிரியை. நான் கணக்கு. ஆசிரியர் அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசை. அவருடைய மாணவர்கள் பலர் இதைப் படிப்பார்கள். விடுமுறை நாட்களில் அவரோடு மலையேறிய நீங்களும் படிப்பீர்கள். உங்களுக்கு அவர் எடை குறைந்த கூடாரங்களைப் பற்றி ஓயாமல் பேசிய பெண். "டென்ட் மிஸ்" என்று நீங்கள் கேலி செய்ததை அவர் ரசிக்கவே செய்தார். அந்தப் பேச்சு எங்கிருந்து தொடங்கியது என்பதை உங்களிடம் அவர் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தது எனக்காக. இனி நான் சொல்லலாம்.

எங்கள் முதல் பயணம் ஜவ்வாது மலைக்கு. ஆசிரியர்கள் நான்கு பேர். பள்ளியின் சாரணர் அறையில் கிடந்த பழைய கித்தான் கூடாரத்தை நான்தான் கையெழுத்திட்டு எடுத்து வந்தேன். இரும்புக் கம்பிகள், மர முளைகள், தடித்த துணி. போகும்போதே இரண்டு பேர் மாற்றி மாற்றித் தூக்கினோம். அன்று பெய்த மழையை அந்தத் துணி முழுவதுமாகக் குடித்துவிட்டது. காலையில் சுருட்டினால் முந்தைய நாளைப் போல இரு மடங்கு கனம்.

"இத இங்கயே விட்டுட்டுப் போயிடலாம் வசந்தி. யார் தோளுக்கும் ஆகாது" என்றார் பியூலா.

"ஸ்கூல் சாமான். நான் சைன் பண்ணி எடுத்திருக்கேன். திருப்பிக் குடுத்தாகணும்" என்றேன்.

எங்கள் பி.டி. மாஸ்டர் சேகர் சார் சிரித்தார். "ரெண்டு மிஸ்ஸும் சண்ட போடாதீங்க. நான் எடுத்துக்கறேன்."

இறக்கத்தில் பாசி பிடித்த பாறை ஒன்றில் அவருடைய கால் வழுக்கியது. வெறும் ஆளாக இருந்திருந்தால் உட்கார்ந்து எழுந்திருப்பார். முதுகில் இருந்த கனம் அவரைப் பின்னால் இழுத்துக் கீழே போட்டது. ஊர்க்காரர்கள் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி அவரைச் சாலைவரை சுமந்து வந்தார்கள். தண்டுவடத்தில் அடி. அதன் பிறகு அவர் மைதானத்தில் நிற்கவில்லை. ஓராண்டு கழித்து, சக்கர நாற்காலியோடு சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

தலைமையாசிரியை விசாரித்தபோது பியூலா, "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு மேடம்" என்றார். வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுவித்துக்கொண்டார். "உன்னக் காப்பாத்தறதுக்காகச் சொல்லல. வேணாம்னு எனக்குத் தெரிஞ்சுது. ஒரு தடவ சொல்லிட்டு வாய மூடிக்கினேன். அதுவும் தப்புதான்." ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மாதம் என்னோடு சாப்பிட உட்காரவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவருடைய தேடல் தொடங்கியது. வெளிநாட்டில் இருந்த உறவினர் மூலம் ஒரு கூடாரம் வந்தது. ஆய்வகத் தராசில் அதை வைத்து என்னைக் கூப்பிட்டார். நீண்ட நாள் கழித்து அவராக என்னோடு பேசியது அன்றுதான். முளைகள், கயிறு, பை எல்லாம் சேர்த்து ஒன்றே கால் கிலோ. சுருட்டினால் பெரிய தண்ணீர் பாட்டில் அளவு. கம்பிகள் அலுமினியம், உள்ளே எலாஸ்டிக் ஓடுவதால் உதறினால் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். ஒரே ஆள் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம். உள்ளே வலை, வெளியே மெல்லிய நைலான். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் நம் மூச்சின் ஈரம் நம் மேலேயே சொட்டாது. அவர் அதன்மேல் ஒரு குவளை நீரை ஊற்றி, உதறி, மறுபடியும் தராசில் வைத்தார். எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தோள்ல கனம் கம்மியா இருந்தாதான் கால எங்க வைக்கறோம்னு பாக்கத் தோணும்." இந்த வாக்கியத்தை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். மலையில் யார் பை கனமாக இருந்தாலும் திறந்து பார்த்து, வேண்டாததை வெளியே எடுத்து வைப்பார். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. ஏன் அவ்வளவு கறாராக இருந்தார் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முடிச்சூரில் வெள்ளம் வந்தபோது நான் அவர் வீட்டில் இருந்தேன். விடைத்தாள் திருத்தப் போனவள், திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டேன். ஒரே தளம் கொண்ட வீடு. ஒரு பாதியில் பியூலா, மறு பாதியில் வீட்டுக்காரர் நாகப்பனும் அவர் மனைவி லட்சுமியும். நாகப்பன் முன்பு அந்த இடத்தில் நெல் பயிரிட்டவர். இடுப்பளவு தண்ணீர் உள்ளே வந்ததும் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். லட்சுமி அக்காவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மறுநாள் அவர் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

பியூலா தன் கூடாரங்களை மேலே கொண்டுவந்தார். "இன்னாம்மா இது, கொசுவல மாதிரி கீது. அடிக்கிற காத்துக்குப் பூடும்" என்றார் நாகப்பன். சிமென்ட் தரையில் முளை அடிக்க முடியாது. ஆனால் அந்தக் கம்பிகள் வளைந்து தம் பலத்திலேயே நின்றன. தண்ணீர்த் தொட்டியின் குழாயில் கயிற்றைக் கட்டி, மூலைகளில் பூந்தொட்டிகளை வைத்தார். மழை ஓயவில்லை. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

படகு வரவில்லை. தொலைபேசியும் செத்துப்போனது. லட்சுமி அக்காவின் முகமும் கால்களும் வீங்கிக்கொண்டே போயின. மூன்றாம் நாள் மதியம் மூச்சுக்குத் திணறினார். பியூலா அவர் தலையை மடியில் வைத்து நிமிர்த்திப் பிடித்திருந்தார். நாகப்பன் கூடார வாசலில் குந்தி, "லச்சுமி, போட்டு வந்துகினு கீது, இதோ வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா இறந்து ஒரு மணி நேரம் கழித்துப் படகு வந்தது.

பிறகு ஆசிரியர் அறையில் யாரோ, "உங்க டென்ட்டாலதான் அத்தன பேரும் பொழச்சீங்களாமே" என்று பாராட்டினார்கள். பியூலா தலை நிமிரவில்லை. "அது ஒரு உயிரையும் காப்பாத்தல. ஈரத்த மட்டும்தான் தடுத்துச்சு" என்றார்.

அவருக்கு வந்தது நுரையீரல் இறுகிப்போகும் நோய். மருத்துவர் சொன்ன அன்றே என்னிடம் வந்து, வகுப்பில் பாடம் நடத்துவது போல விளக்கினார். மூன்று ஆண்டுகள் தாங்கும் என்றார்கள், நான்கு தாங்கினார். மூச்சு குறையக் குறையப் பையின் எடையையும் குறைத்தார். கடைசியில் ஒரு கிலோவுக்கும் குறைவான ஒற்றை ஆள் கூடாரம். கனமான சாமான் இருந்த காலமாக இருந்தால் முதல் ஆண்டிலேயே வீட்டில் உட்கார்ந்திருப்பார். இந்தக் கூடாரம் அவருக்கு இன்னும் இரண்டு மழைக்காலங்களை மலையில் கொடுத்தது. அதற்கு மேல் அதாலும் முடியவில்லை.

இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு மாலையில் என்னைத் திருநீர்மலைக்கு அழைத்தார். நம் குழு மூச்சுப் பயிற்சிக்காக ஏறி இறங்கும் அதே படிகள். கையில் எதுவும் இல்லை. பதினோராவது படியில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாகியிருந்தது. நானும் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"என்னால முடியல வசந்தி. நீ போயிட்டு வா."

"உங்கள விட்டுட்டு எப்படி மிஸ்?"

"போயிட்டு வான்னு சொல்றேன்ல."

போனேன். மேலே அதிக நேரம் நிற்கவில்லை. ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தேன். அதே படியில், கைகளை முழங்காலில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார். நான் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"மேல காத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு மிஸ். நல்ல காத்து."

"சரி" என்றார். எழுந்துகொள்ளக் கையை நீட்டினார். ஜவ்வாது மலைக்குப் பிறகு அவராக என் கையைப் பிடித்தது அப்போதுதான். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தன்னிடம் இல்லாத காற்று இன்னொருத்திக்காவது கிடைத்ததா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.