சத்தமில்லாத மேல்வீடு

கயானி நகரில் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு வரும் புகார்களை முதலில் கேட்பவள் இர்மெலி. பள்ளி ஆசிரியை, நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரர், முன்னாள் மனைவியைப் பழிவாங்கத் துடிப்பவன் என்று எல்லோருடைய குரலும் அவள் காதில்தான் விழும். எதற்கு இன்றே ஓட வேண்டும், எது நாலு நாள் பொறுக்கும், எது வெறும் வம்பு என்று அவள்தான் பிரிக்க வேண்டும். நான் எதிர் மேசைக்காரி. பிரித்ததில் தப்பு நேர்ந்தால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அவளுக்குப் பிள்ளை இல்லை. கோபத்தில் பெற்றவர்கள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். "பெத்துப் பாத்தவளா நீ? உனக்கென்ன தெரியும்?" என்பார்கள். "தெரியாது, அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன்" என்பாள், குரல் மாறாமல்.

தாவெத்தி என்று ஒரு கிழவர் அடிக்கடி அழைப்பார். மேல்வீட்டுப் பையன் குதிக்கிறான், பொம்மையைத் தரையில் அடிக்கிறான், அவன் அம்மா கத்துகிறாள் என்று புலம்புவார். ஒருமுறை இர்மெலி போய்ப் பார்த்தும் வந்திருந்தாள். நாலு வயது ஈலி, தனியாக வளர்க்கும் ஹென்னா, கலைந்து கிடந்த வீடு. கவலைப்பட ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் கிழவர் விடவில்லை. எங்கள் அலுவலகத்து ஓலவி போனை நீட்டும்போதெல்லாம், "இந்தா, உன் மாப்பிள்ளை லைன்ல இருக்காரு" என்பான்.

ஜனவரியில், ஏரி முழுக்க உறைந்து கிடந்த ஒரு காலையிலும் அப்படித்தான் நீட்டினான்.

"சத்தம் கேக்கலம்மா" என்றார் கிழவர், ஸ்பீக்கரில்.

ஓலவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சத்தம் போட்டாலும் புகார், போடலன்னாலும் புகாரா?"

இர்மெலி அவனைக் கையமர்த்தினாள். "ஊருக்குப் போயிருக்கலாம்ல ஐயா?"

"அவ இருக்கா. ராத்திரி பூரா நடந்துகிட்டே இருக்கா. பையன் காலடிதான் காணோம். முந்தாநாள் ஒருதடவ முனகினான். அழுகைன்னு சொல்ல மாட்டேன், பூனைக்குட்டி மாதிரி. உடனே ரேடியோவ சத்தமா வெச்சுட்டா."

இர்மெலி, பையன் போகும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்கு அழைத்தாள். ஈலி ஓலு நகரில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போயிருப்பதாக அம்மா சொல்லிவிட்டாள் என்றார்கள். நம்பும்படியான பதில்தான். காத்திருந்த மற்ற புகார்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு, "வா, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்" என்றாள் என்னிடம்.

ஹென்னா கதவைச் சங்கிலி அளவுக்குத்தான் திறந்தாள். தூக்கமில்லாமல் கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. அவளுக்குப் பின்னால், கொக்கியில், சின்னதாக நீலநிறப் பனியுடுப்பு ஒன்று தொங்கியது. அடியில் குட்டி பூட்ஸ்.

"ஈலி அவங்க அப்பா வீட்டுல இருக்கான்."

"இந்தக் குளிர்ல, அந்த உடுப்பு இல்லாமயா போனான்?"

"அவரு புதுசு வாங்கித் தந்தாரு."

"சரி. அவர் நம்பர் குடுங்க, நான் ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

ஹென்னா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யார் சொன்னது? கீழ இருக்கற கிழமா?"

"அத நான் சொல்ல மாட்டேன்."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. உள்ளே ரேடியோ உரக்கப் பாடத் தொடங்கியது.

இர்மெலி படிக்கட்டுத் தரையில் மண்டியிட்டு, கதவில் கடிதம் போடும் துளையின் மூடியைத் தூக்கிப் பிடித்தாள். அதன் வழியே ஒரு நாற்றம் வந்தது. களிம்பு நாற்றம், அதற்கு அடியில் வேறொன்று. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஹென்னா, நான் போகல. ஆம்புலன்ஸ இப்பவே கூப்பிடறோம். நீங்க திறக்கலன்னா போலீஸ் வந்து திறக்கும். நீங்களே திறந்தா அவன் கையப் பிடிச்சுகிட்டுக் கூடவே போகலாம்."

"தூக்கிட்டுப் போயிடுவீங்க!"

"பையனப் பாக்காம நான் எந்த வாக்கும் தர முடியாது."

மாட்டோம் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால்தான் என்ன? ஒரு குழந்தையின் உயிருக்கு முன்னால் ஒரு பொய் எந்த மூலைக்கு? அப்படிச் சொல்லச் சொல்லி இர்மெலியின் முதுகில் தட்டக்கூடக் கை நீட்டினேன். அவள் சொல்லவில்லை. மூடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. "ஹென்னா, நான் இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ரேடியோ நின்றது. சங்கிலி விழுந்தது.

ஈலி சோபாவில் குப்புறக் கிடந்தான். தோளிலிருந்து இடுப்புவரை சமையலறைத் துண்டு ஒட்டிப்போயிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கூப்பிட்டதற்குக் கண் திறந்தான். எங்களைப் பார்த்தானா என்று தெரியவில்லை.

ஹென்னா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "கையில காபி கெட்டில் இருந்துச்சு. கால வந்து கட்டிக்கிட்டான். தானா கொட்டிடுச்சு…" வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "இல்ல. தள்ளினேன். போடான்னு தள்ளினேன்" என்றாள்.

இர்மெலி திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "உடுப்ப மாட்டிக்குங்க, வண்டி வந்துடுச்சு" என்றாள்.

இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் மருத்துவர். மருத்துவமனைக்கு வெளியே காரில் ஏறிய இர்மெலி சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். "போன தடவ நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன்ல, அதுக்குப் பயந்துதான் அவ ஆஸ்பத்திரிக்குப் போகல" என்றாள். அது உண்மைதான். ஓட்டுகிற இடத்தில் நான் மாறி உட்கார்ந்தேன்.

ஈலியை ஹென்னாவின் சித்தி வீட்டில் வைத்தார்கள். ஹென்னாவுக்கு நீதிமன்றமும் சிகிச்சையும் என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பையனை அவளிடம் திரும்ப விடலாமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. கடைசியில், சித்தியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே அவள் குடிவந்த பிறகு, விட்டார்கள்.

பிறகொரு கோடையில் சந்தையில் பட்டாணி வாங்கும்போது அவர்கள் எங்களுக்கு எதிரே வந்துவிட்டார்கள். ஈலியின் சட்டைக் கழுத்துக்கு மேலே வடுவின் நுனி தெரிந்தது. ஹென்னா ஒதுங்கிப் போகவில்லை.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு வாய் வரல."

"வேண்டாம்" என்றாள் இர்மெலி.

"யாரும்மா இவங்க?" என்று கேட்டான் பையன்.

ஹென்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வளர்ந்தப்புறம் சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

அவர்கள் கூட்டத்தில் மறையும்வரை இர்மெலி பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டாணிக்காரி இரண்டுமுறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.