ஒரே பலகையில் மூன்று பெண்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேர் சொல்லும்படி வாழ்ந்த பெண்கள் மூன்று பேர். மூவருக்கும் ஒரே பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நான்காவதாக ஒருத்தி வந்து நிற்பாள். குழப்பம் வராமலிருக்கத் தோட்டத்து வழக்கப்படி பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் சேர்த்துக்கொள்வோம். ஜப்பான்காரன் ஆண்ட காலத்திலிருந்து பிரசவம் பார்த்தவர் ‘மருத்துவச்சி’. பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயாக்கொட்டகையின் கூரை ஒழுகுகிறது என்று துரையின் ஜீப்பை மறித்துக் குந்திய என் அம்மா ‘ஜீப்பு’. இப்போது திரிங்காப் ஊரிலிருந்து லாரியில் முட்டைக்கோஸ் ஏற்றி ஓட்டிப் போகிற பெண் ‘லோரி’.

போன வருஷம் தோட்ட மண்டபத்தில் கௌரவப் பலகை வைத்தார்கள். விழாக் குழுவின் செயலாளர் கோலாலம்பூரில் வளர்ந்தவர். மூன்று பட்டமும் ஒரே அம்மாள் பார்த்த மூன்று வேலை என்று நினைத்துவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆக, பலகையின்படி ஜப்பான்காரனுக்கு முன்பே பிறந்த ஓர் அம்மையார் நூறு வயதைத் தாண்டியும் லோரி ஓட்டிக்கொண்டிருக்கிறார். படம் என் அம்மாவுடையது. கடைசி வரி: ‘திருமணம் செய்துகொள்ளாமல், பிள்ளைகுட்டி இல்லாமல், தோட்டத்துக்காகவே வாழ்பவர்.’

திறப்பு விழாவில் அதை வாசித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. பாதி தட்டிய பிறகுதான் உறைத்தது. வந்த ஆத்திரத்தில் செயலாளரைப் பிடித்துக்கொண்டேன்.

“அது மூணு பேருப்பா!”

“பலகை அடிச்சாச்சு லா அக்கா. படிக்க நல்லாத்தானே இருக்கு?”

லோரிக்காரப் பெண் பக்கத்தில் நின்று தன் வயதைப் படித்துக்கொண்டிருந்தாள். “லைசென்ஸ் ஆபீஸ்ல இதப் பாத்தா நான் காலி லா,” என்றாள்.

அம்மாவுக்கு எண்பது வயது. ஜீப்பை மறித்தது ஒன்றுதான் அவள் வாழ்நாள் பெருமை. அது தன்னுடையது என்று எழுதியிருப்பதைப் பார்க்கத்தான் முழங்கால் வலியோடு ரிங்லெட் ஊரிலிருந்து வந்திருந்தாள். அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

“நான் பிரசவமும் பாக்கல, லோரியும் ஓட்டல. ஜீப்பு முன்னால குந்துனது மட்டுந்தான் நானு. அன்னிக்கு என் இடுப்புல இருந்த புள்ள இவ. இவள எங்க போட்டீங்க?”

செயலாளர் ஓடிப்போய் மார்க்கர் எடுத்து வந்து பலகையின் அடியில் எழுதினார்: ‘ஒரு மகள் உண்டு.’ மேல் வரியில் பிள்ளை இல்லை, கீழ் வரியில் மகள் உண்டு. சபை மறுபடியும் கைதட்டியது.

திரும்பும்போது வேனில் அம்மாவிடம் சொன்னேன்: “வேற பலகை வைக்கச் சொல்லிச் சண்டை போடப் போறேன். மூணு பேருக்கும் தனித்தனியா.”

“போடு. அந்த மக வரி மட்டும் எனக்கும் மருத்துவச்சிக்கும், ரெண்டு பேருக்கும் இருக்கட்டும்.”

“அவங்களுக்கு எதுக்கும்மா?”

“உன்னப் பெத்துட்டு நான் நெனவில்லாம கெடந்தேன். கல்யாணம் கட்டாத அவங்கதான் மூணு நாளு உன்ன மார்லயே போட்டு வச்சிருந்தாங்க. நான் முழிச்சதும், ‘எனக்கே குடுத்துர்றியாம்மா’ன்னு கேட்டாங்க.” அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நான் குடுக்கல.”