டொலுயினை விட்டு எத்தனாலுக்கு

வயிற்றில் குழந்தை இருக்கிறது என்று தெரிந்தபோது நான் திருப்பதியில் பல்கலைக்கழக ஆராய்ச்சியின் மூன்றாவது வருடத்தில் இருந்தேன். வீடு சித்தூரில். தினமும் பஸ்தான். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற கூட்டம் ஏறிவிட்டால் பாதி வழி நின்றுகொண்டே வரவேண்டும்.

என் வேலை, மருந்துக்குப் பயன்படும் ஒரு பொருளைச் சூடான திரவத்தில் கரைத்து, ஆறவிட்டு, முதல் படிகம் எப்போது தோன்றுகிறது என்று பார்ப்பது. ஆறிய திரவத்தில் அது தாங்கக்கூடியதைவிட அதிகமாகவே சரக்கு இருக்கும். ஆனாலும் உடனே வெளியே தள்ளிவிடாது. சில மூலக்கூறுகள் வரிசையாக ஒன்றுசேர்ந்து, மறுபடி கலைந்துபோகாத அளவுக்கு வளர வேண்டும். படிகக் கரு என்பது அந்தச் சின்னக் கூட்டம்தான். அது உண்டாகும்வரை குப்பி தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். உண்டானால் கண் முன்னாலேயே கலங்கி, வெள்ளையாக அடியில் இறங்கும். அதுவரை நான் டொலுயின் என்ற திரவத்தில் மட்டுமே இதைச் செய்திருந்தேன்.

டொலுயினில் பெயிண்ட் தின்னர் வாசனை அடிக்கும். கர்ப்பிணிகள் அந்த ஆவியில் நிற்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நகரியில் பவர்லூம் ஓட்டும் என் அப்பா, நைனா, போனில் கேட்டார்: "அந்த வாசனைல எதுக்குமா நின்னுக்கினு கீற? ஒரு வருசம் வூட்ல இரேன்." கணவரும் அதையே சொன்னார், கொஞ்சம் சுற்றி வளைத்து. ஒரு வருடம் நின்றால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் துறையில் அப்படி நின்றவர்கள் யாரும் வரவில்லை.

ஆராய்ச்சியை வழிநடத்தும் கைடிடம் போய்ச் சொன்னேன். அவருக்குத் தெலுங்குதான் வரும், நான் தமிழில் சொல்கிறேன். "சரிம்மா, டொலுயின் வேண்டாம். எத்தனாலுக்கு மாத்திடு, மூடின குப்பியில செய்" என்றார்.

"இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் என்ன ஆகும் சார்?"

"எங்கயும் போகாது. எத்தனால்ல இந்தப் பொருள் இன்னும் நிறைய கரையும். மூலக்கூறுகள் நெருக்கமா இருக்கும், அடிக்கடி மோதிக்கும். படிகம் சீக்கிரமாவே வரும். உனக்கு வேலை குறையும்."

நானும் அதை நம்பித்தான் ஆரம்பித்தேன். டொலுயினில் எந்த விகிதத்தில் அளவுக்கு மேல் சரக்கு இருந்ததோ, அதே விகிதம் எத்தனாலிலும். அதே வெப்பம், அதே வேகத்தில் கலக்கல். காலையில் வைத்த குப்பிகள் சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் தெளிவாகவே இருந்தன. மறுநாளும் அப்படியே. கைடு கணக்கைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், சரியாக இருந்தது. எத்தனாலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். புது பாட்டில் திறந்தேன், அதிலும் அதேதான். அதற்குள் எனக்குக் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றுமே நடக்காத குப்பிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

லேபில் எனக்கு ஒரு வருடம் இளையவள் ஒருத்தி இருந்தாள். சூளூர்பேட்டைக்காரி, தெலுங்குப் பெண், என்னிடம் மட்டும் தமிழ் கலந்து பேசுவாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவளே கேட்டாள்.

"அக்கா, உங்க கணக்கு தப்புன்னு சார் சொல்றார் இல்ல? டொலுயின் குப்பிங்கள நான் போடறேன். அந்தக் கடைசி ரூம்ல, ஆவிய ஃபேன் வெளிய இழுக்கற கண்ணாடி மேடைக்குள்ள. எத்தனால் நீங்க இங்க போடுங்க. ரெண்டும் ஒரே நாள்ல நடக்கட்டும்."

"உன் வேலை என்ன ஆகும்?"

"நடுவுல செஞ்சிக்கறேன், பரவால்ல."

அவளுடைய டொலுயின் குப்பிகள் சாப்பாட்டுக்கு முன்பே கலங்கின. போட்டோ எடுத்து அனுப்பினாள். என்னுடையவை அசையவில்லை. இரண்டோடும் சேர்த்து எத்தில் அசிடேட் என்ற மூன்றாவது திரவத்தையும் அவளே வைத்துப் பார்த்தாள். அது டொலுயினுக்குப் பின்னால் கலங்கியது, எத்தனால் அப்போதும் தெளிவாகவே இருந்தது. வேறு நாட்களில் செய்து பார்த்தும் வரிசை மாறவில்லை.

மூலக்கூறுகளின் பிணைப்பைக் கோடுகளாக வரைந்து காட்டும் அகச்சிவப்புக் கருவியில் கரைசல்களை வைத்தபோது காரணம் ஓரளவு தெரிந்தது. டொலுயின் எங்கள் பொருளின் மூலக்கூறுகளைப் பெரிதாகப் பற்றிக்கொள்வதில்லை. அதனால் அவை கரைசலிலேயே இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொள்கின்றன. எத்தனாலோ ஒவ்வொன்றையும் தனித்தனியே ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடியை உதறினால்தான் ஒன்று இன்னொன்றோடு சேர முடியும். நெருக்கமாக இருந்து பயனில்லை.

"எத்தனால்ல அதுக்கு சுகமா கீது, வெளிய எதுக்கு வரும்?" என்றாள் அவள், என் ஊர்ப் பேச்சிலேயே.

கைடு அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நான் நினைச்சது தப்பு" என்றார். "எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தும்னு எழுதிடாதீங்க. இந்தப் பொருளுக்கு மட்டும், கண்டதை எழுதுங்க." அன்றிலிருந்து என் தலைப்பே மாறியது. ஒரே பொருள் வெவ்வேறு திரவங்களில் ஏன் வெவ்வேறு நேரத்தில் படிகமாகிறது என்பதுதான் ஆய்வு.

எத்தனால் குப்பியில் முதல் படிகத்தைப் பார்த்தது ஏழாம் மாதத்தில், நல்ல வெயில் நாளில். டொலுயினில் பொடிப்பொடியாகக் கொட்டும். இங்கே கருக்கள் அபூர்வம் என்பதால், வந்த ஒன்றிரண்டே எல்லாச் சரக்கையும் வாங்கிக்கொண்டு பெரிதாகின்றன. குப்பியின் அடியில் கற்கண்டு மாதிரி ஒரு கட்டி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் தனியாகப் பார்த்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

மகள் பிறந்து நான் வீட்டில் இருந்த மாதங்களில் என் குப்பிகளையும் சூளூர்பேட்டைக்காரியே பார்த்துக்கொண்டாள். கட்டுரை எழுதும்போது யார் பெயர் முதலில் என்று கைடு கேட்டார். இருவரும் சமம் என்று அடிக்குறிப்பு போடச் சொன்னேன். அவள் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், இந்தத் திரவங்களை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். வயிற்றில் குழந்தை இருந்ததால் டொலுயினை விட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

நான் இப்போது சித்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அவள் நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இருக்கிறாள். போன மாதம் போனில் பேசினாள். அங்கே ஒரு சரக்குக்குத் திரவத்தை மாற்றப் பார்க்கிறார்களாம். பெரிய கலனில் ஊற்றும் முன் சின்னக் குப்பிகளில் வைத்துப் பார்க்க அவகாசம் கேட்டிருக்கிறாள், கொடுத்துவிட்டார்கள். "இன்னிக்குக் காலைல வெச்சேன் அக்கா, இன்னும் ஒண்ணும் வரல" என்றாள். குரலில் அவசரமில்லை.