மேற்கே பார்த்த டிஷ்

கிருமாம்பாக்கத்தில் எங்கள் தெரு டிஷ்கள் எல்லாம் வானத்தை அண்ணாந்து பார்க்கும். மொட்டை மாடி மூலையில் இருக்கும் என்னுடையது மட்டும் மேற்கே, தென்னந்தோப்பின் தலைக்கு மேல், விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கான ஒரு செயற்கைக்கோள் அந்தப் பக்கம் தாழ்வாக நிற்கிறது.

லைசென்ஸ் வாங்கிய புதிதில் ஒரு சீனியர், "இதுக்கெல்லாம் பெரிய செட்டு வேணும்மா, ஒனக்குக் கட்டுப்படியாகாது" என்றார். சுருக்கென்றது. குறைந்த செலவில் நானே செய்வதென்று அன்றே முடிவு செய்துவிட்டேன். டிஷ் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஆன்டெனா, பிவிசி குழாயில் நானே சுற்றிய செம்புக் கம்பி. அதன் முதுகுக்கு டிபன் டப்பா மூடி. குரலை மேலே தள்ள, வைஃபைக்கு விற்கிற சின்ன பூஸ்டர்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா கெடு வைத்தார். "திங்கக்கெழம புது டேங்கு வைக்க ஆளு வருது. அந்த மூலதான் தோது. அதுக்குள்ள இன்னா பண்ணணுமோ பண்ணிக்க."

அந்த மூலையை விட்டால் எனக்கு மேற்கு கிடையாது. பக்கத்து மாடி மறைத்துவிடும்.

வாரம் முழுக்கக் கம்பெனி ஷிப்டு. சனிக்கிழமை மாலை டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாக அசைத்து, செயற்கைக்கோளின் அடையாள ஒலியைப் பிடித்து, போல்ட்டை இறுக்கினேன். ஞாயிறு காலை ஒரு கனெக்டர் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினால், டிஷ் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்கூட்டு டிவி ரிப்பேருக்கு வந்தவருதான் திருப்புனாரு. யாரோ தெரியாம மரத்தப் பாத்து வச்சிருக்காங்கன்னாரு. நல்லதுதான பண்ணாரு?" என்றார் வீட்டுக்காரம்மா.

அழுகை வந்தது. ஆத்திரம் அதை முந்திக்கொண்டது. டிஷ் நின்ற கோணத்துக்கு ஒரு கோடு கிழித்து வைக்காத என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். மொட்டை வெயிலில் ஸ்பானரோடு முதலிலிருந்து ஆரம்பித்தேன். வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

மூன்று மணி வாக்கில் அந்த ஒலி திரும்பக் கிடைத்தது. மைக்கை அழுத்தி, லைசென்ஸில் தந்த என் அழைப்புக்குறியைச் சொன்னேன். கண்ணிமைக்கும் நேரம் கழித்து ஸ்பீக்கரில் என் குரலே வந்தது. மறுபடி சொன்னேன், மறுபடி வந்தது.

காய்ந்த துணி எடுக்க வந்த வீட்டுக்காரம்மா அப்படியே நின்றார். "இன்னாம்மா, நீ சொல்றதயே யாரோ திருப்பிச் சொல்றாங்க?"

"யாரும் இல்லக்கா. நான்தான். மேல போய்ட்டு வந்துட்டேன்."

அவர் ஸ்பீக்கரையும் டிபன் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"யப்பா, டேங்க படிக்கட்டுப் பக்கமே வச்சிக்கலாம். பைப்பு கொஞ்சம் ஜாஸ்தி புடிச்சாலும் புடிக்கட்டும். அந்த டிஷ்ஷுல மட்டும் யாரும் கைய வச்சிடாதீங்க."