அரைஞாண் கயிறும் படர்தாமரையும்

கல்யாணமாகி மூன்றாவது மாதம் என் இடுப்பில் வட்டமாகத் தடித்து அரிக்கத் தொடங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருச்சுழிப் பக்கம் என் புகுந்த வீடு. பார்த்ததுமே படர்தாமரை என்று சொன்ன மாமியார், கூடவே தீர்ப்பும் சொன்னார்.

"இது இவ வீட்டுலருந்து கொண்டாந்த சீக்கு. எங்க வம்சத்துலயே கெடையாது."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நாலு பெண்கள் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்து ஜெபித்தார்கள். அரிப்பைவிட அந்த அவமானம்தான் எரிந்தது. என் வீட்டுக்காரரோ பருத்தி லோடு ஏற்றிவிட்டு வந்து, வேட்டிக்குள் கைவிட்டு ராகம் போட்டுச் சொறிவார். அவருக்கு வந்தால் வேர்க்குருவாம், எனக்கு வந்தால் சீக்காம்.

மருந்துக்கடையில் அவர்களாகக் கொடுத்த களிம்பு நாலு நாள் அரிப்பை அடக்கி, பிறகு ஒரு வட்டத்தை மூன்றாக்கியது. இருவரும் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு அவரையும் வேட்டியைத் தளர்த்தச் சொன்னார். ஞாயிறு ஆராதனை தவறாத வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனாலும் அவர் இடுப்பில் கறுப்புக் கயிறு உண்டு. அது வியர்வையில் ஊறிக் கிடக்க, அதன் தடத்திலேயே சிவந்து படர்ந்திருந்தது.

"இந்த ஈரக் கயிறு இருக்கிற வரைக்கும் போகாது. அறுத்துப் போடுங்க."

"ஆம்பள செத்தாத்தான் கயித்த அறுப்பாக, டாக்டரம்மா," என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப அறுக்க வேண்டாம். அவுத்து வைங்க."

வீட்டுக்கு வந்து அவிழ்த்து, வேதப்புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தினார். எந்த அதிகாரத்தில் என்று நான் கேட்கவில்லை. அதுவரை வீட்டுக்கே ஒரு துண்டு. இனி ஆளுக்கு ஒன்று. துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டேன். வெயிலுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. குளித்ததும் ஈரம் போகத் துடைத்து, புதுக் களிம்பை வட்டத்தின் ஓரம் தாண்டித் தடவ வேண்டும், தடம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது என்பது டாக்டரம்மா கட்டளை.

இருவருக்கும் மறைந்துகொண்டே வந்தது. ஆனால் இரண்டு இடுப்புக்கு ஆகிற செலவைவிட வேகமாகக் களிம்பு தீர்ந்தது. சந்தேகப்பட்டு, ஒரு மத்தியானம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மாமியார் களிம்பும் கையுமாக, முதுகுக்குக் கை எட்டாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"எப்பருந்து அத்தை?"

"உங்க கல்யாணத்துக்கு முந்தியே இருக்கு. வெளிய சொல்ல வெக்கமாப் போச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஞாயிறே கோயிலில் எழுந்து சாட்சி சொல்லியிருப்பேன்.

"அந்த நாலு பேர்கிட்டயும் இத நீங்களே சொல்லணும்," என்றேன்.

சரியென்று தலையை ஆட்டினார். களிம்பை வாங்கி நானே அவர் முதுகில் தடவிவிட்டேன். கொஞ்சம் அழுத்தித்தான் தடவினேன்.