பாயின் தனிச் சட்டி

அறுபதுகளில் புளி வாங்க மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு முதல்முறையாக ஜீப்பில் போனேன். நான் சுத்த சைவம். கட்டிக்கொண்டு போன தயிர்சோறு வெயிலில் கெட்டுவிட்டது. ஊரில் அன்று திருவிழா. எந்த வீட்டுப் பக்கம் போனாலும் கறிக்குழம்பு வாசனை! ஜீப் மறுநாள்தான் திரும்பும். கண்ணை இருட்டிக்கொண்டு வர, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜீப்பில் கூட வந்த வாணியம்பாடி புளி வியாபாரி, ஒரு பாய், அருகில் வந்தார். இவரிடம் போய் சைவச் சாப்பாடு கேட்பதா என்று அதுவரை நான் வாயே திறக்கவில்லை.

"இன்னாண்ணே, சாப்பிடாம குந்திக்கினு இருக்கீங்க?"

"நான் கறி சாப்பிட மாட்டேன், பாய்."

அவர் கடகடவென்று சிரித்தார். "மலைக்கு வந்துட்டா நானும் சைவந்தாங்க! ஹலால் பண்ணாத கறிய நாங்க தொட மாட்டோம். எந்திரிங்க, போலாம்!"

அவர் அழைத்துப்போன வீட்டில் ஓர் அம்மாள் பரணிலிருந்து மண்சட்டி ஒன்றை இறக்கினார். "இது பாயிக்குன்னே வச்சிருக்கிற சட்டிங்க. கறி பட்டதே இல்ல."

ஆவி பறக்கும் சாமைச் சோறு, பலாக்காய்க் குழம்பு, கடைசியில் உள்ளங்கை நிறைய மலைத்தேன். அடடா! என் வீட்டில்கூட அப்படிச் சாப்பிட்டதில்லை. நானும் பாயும் போட்டி போட்டுக்கொண்டு சட்டியை வழித்தோம்.

இன்றும் தெரியாத ஊரில் இறங்கிப் பசித்தால், நல்ல சைவச் சாப்பாட்டுக்கு வழி கேட்க முதலில் ஒரு பாயைத்தான் தேடுகிறேன்.