ஞானேஸ்வரி அக்கா கொடுத்த இரண்டு வாக்குமூலங்கள்

ஞானேஸ்வரி அக்காவிடம் யாராவது நேரம் கேட்டால்கூட, கேட்டவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் கையைத் திருப்புவார். கண்டி யட்டிநுவர வீதியில், ஒரு மாடியில் அவருடைய கடை. நான் கலஹா தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் போய் அங்கே வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அது நல்ல வேலை. கூட்டுவேன், தேத்தண்ணி போடுவேன், பெட்டிகளை அடுக்குவேன்.

அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவர். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரைகள் டைப் அடித்துக் கொடுத்துத் தொடங்கி, பிறகு ஹார்ட் டிஸ்க் விற்றார். கம்ப்யூட்டரில் எழுதுவதெல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும். அது பழுதானால் எழுதியதெல்லாம் போய்விடும். அப்படி இழந்தவர்கள் அழாத குறையாகப் படியேறி வருவார்கள். அக்கா பழைய டிஸ்க்கிலிருந்து மீட்க முடிந்ததை மீட்டு, புதியதில் போட்டுக் கொடுப்பார்.

அந்த டிஸ்க்குகளை இரண்டு வெளிநாட்டுக் கம்பனிகள் செய்தன. கொழும்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏஜென்ட். கண்டித் தலதா மாளிகையில் புலிகளின் குண்டு வெடித்த பிறகு, பெரிய ஏஜென்ட் தமிழ்ப் பெயர் உள்ள கடைகளிடம் ஒவ்வொரு முறையும் பொலிஸ் அனுமதிக் கடிதம் கேட்கத் தொடங்கினார். கடிதம் கிடைப்பதற்குள் சாமான் முடிந்துவிட்டது என்பார்கள். சின்ன ஏஜென்ட் எதுவும் கேட்கவில்லை. கேட்டதை ரயிலில் போட்டுவிடுவார். அவரால்தான் எங்கள் கடை திறந்திருந்தது.

அந்த வருடம் அந்த இரண்டு கம்பனிகளும் ஒன்றாகப் போவதாகச் செய்தி வந்தது. அப்படி நடந்தால் இங்கேயும் பெரிய ஏஜென்ட் மட்டும்தான் மிஞ்சுவார் என்று எல்லோரும் சொன்னார்கள்.  அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு காலை நவரட்ணராஜா என்றொருவர் படியேறி வந்தார். கொழும்பில் வியாபாரப் போட்டியை விசாரிக்கும் கமிஷனில் வேலை என்றார். இரண்டு கம்பனிகள் சேர்ந்தால் கடைக்காரருக்குப் பாதிப்பு வருமா என்று கேட்டு எழுத வந்திருப்பதாகச் சொல்லி, தன் அட்டையை மேசையில் வைத்தார். பேச்சு யாழ்ப்பாணப் பேச்சு. அதைக் கேட்டதும் அக்காவின் முகம் இன்னும் இறுகியது.

"உங்களிட்ட வாங்கிற ஆக்கள் எங்கையிருந்து வருகினம்?" என்று நவரட்ணராஜா கேட்டார். "கலகெதர, மாத்தளை... அங்கால? வவுனியாப் பக்கம் ஏதும் சாமான் போகுதோ?"

வவுனியாவுக்கு அப்பால் புலிகளின் பகுதி; அங்கே சாமான் போகிறது என்றாலே பிடித்துக்கொண்டு போவார்கள். அக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

"இல்லை. எல்லாம் கண்டிக்குள்ளதான்."

"ஒரு கம்பனியின்ர சாமான் இல்லாட்டி மற்றதை வைச்சுச் சமாளிக்கலாமோ?"

"சமாளிக்கலாம்."

"ஏஜென்ட்மாரோட ஏதும் பிரச்சினை?"

"ஒருத்தரோடயும் ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லாரும் நல்ல ஆக்கள்."

அந்த நாட்களில் எந்த அதிகாரி வந்தாலும் நாங்கள் எல்லோரும் சொல்லும் பதில் அதுதான். அவர் எழுதிக்கொண்டார். தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"வவுனியாவாம்!" என்றார் அக்கா. "தமிழ் ஆளை அனுப்பினா நான் கக்கிப்போடுவன் எண்டு நினைச்சிருக்கினம்."

"பொலிஸ்காரங்க வாசலைப் பார்த்துத்தான் உட்காருவாங்க அக்கா. இவர் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாரே" என்றேன்.

"நல்லாப் பழகினவன் அப்பிடித்தான் இருப்பான்."

பின்னேரம் ஷிராஸ் வந்தார். பிலிமத்தலாவையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். சாமான் தட்டுப்பாடானால் எங்களிடம் மாற்றிக்கொள்வார்.

"கமிஷன்காரர் வந்தாரா அக்கா? நான் மனசில உள்ளதெல்லாம் கொட்டிட்டேன். நீங்க என்ன சென்னீங்க?"

"ஒரு பிரச்சினையும் இல்லை எண்டன்."

"யா அல்லாஹ்! பொலிஸ் கடிதம் கேட்டு அலைய வெச்சத சொல்லல்லயா?"

"அந்தாள் சிஐடி."

"சிஐடிக்காரன் தேத்தண்ணிக்கு நன்றி சொல்லுவானா?"

"அதுதான் எனக்குச் சந்தேகம்."

ஷிராஸ் சிரித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். "வவுனியா கேட்டதும் பயந்துட்டீங்க போல. என்னட்டயும்தான் கேட்டார். ஒரு கடைட சாமான் எவ்வளவு தூரம் போகுதுண்டு பார்க்கிறது அவங்கட வழக்கமாம். இங்க பாருங்க, எனக்கு ஒருத்தனும் சாமான் இல்லண்டு சென்னதில்ல. உங்களுக்குத்தான் சென்னான். நீங்க வாய் தொறக்காட்டி அவங்க பாட்டுக்கு ஒண்டாகிருவாங்க. நாளைக்குப் பகல் வரைக்கும் கச்சேரி ஆபீஸில இரிக்கார்."

அவர் இறங்கிப் போனதும், "இவன் ஏன் என்னைச் சொல்லச் சொல்லி நிக்கிறான்? தான் சொன்னது காணாதாமோ?" என்று என்னைக் கேட்டார் அக்கா.  அன்றைக்கு சின்ன ஏஜென்டின் பெட்டிகள் இருந்த தட்டை அவர் பலமுறை திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை நான் வந்தபோது ஒரு துணிப் பை தயாராக இருந்தது. உள்ளே துவாய், சவர்க்காரம், மாற்றுச் சேலை, வெளியூரிலிருந்து வந்து தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு. "பின்னேரம் நான் திரும்பி வராட்டி சிஸ்டர் திரேசாவிட்டப் போய்ச் சொல்லு" என்றார். திரேசா அவர் தங்கியிருந்த கன்னியர் மடத்தின் தலைவி. பிறகு தனியாகப் போகப் பயந்தாரோ என்னவோ, என்னையும் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கச்சேரியில் நவரட்ணராஜா எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அக்கா உட்காரவில்லை. பெரிய ஏஜென்ட் கடிதம் கேட்டது, சாமான் முடிந்தது என்று சொன்னது, சின்ன ஏஜென்ட் இல்லையென்றால் கடையை மூடவேண்டும் என்பது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார்.

"நேற்று ஒரு பிரச்சினையும் இல்லை எண்டனீங்கள். நான் இப்ப எதை எழுத?"

"நேற்று நான் சிஐடிக்கு மறுமொழி சொன்னனான். இண்டைக்கு உங்களுக்குச் சொல்லுறன்."

நவரட்ணராஜா தன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். அவருடைய பொலிஸ் பதிவுத் துண்டு. "நேற்று வரேக்க என்னையும் பேராதனைப் பாலத்தடியில பஸ்ஸால இறக்கி விசாரிச்சவங்கள்" என்றார். "எழுதுறன் அக்கா. ஆனா உங்கட பேர் இருக்கும். கம்பனிக்காரரும் வாசிப்பினம். பேர் இல்லாட்டி இதுக்குப் பெறுமதி இல்லை."

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்தார். பெரிய ஏஜென்ட் அந்தப் பெயரைப் படித்து, கமிஷனும் கைவிட்டால், அதன் பிறகு கண்டியில் அவருக்கு ஒரு டிஸ்க்கும் கிடைக்காது. அது எனக்கே விளங்கியது.

"எழுதுங்கோ," என்றார். "பேரில எழுத்துப் பிழை விடாதேங்கோ."

வருடக் கடைசியில் கமிஷனின் முடிவு வந்தது. வெளிநாட்டில் கம்பனிகள் சேர்வதை இங்கிருந்து யாரும் தடுக்க முடியாதாம். ஆனால் இங்கே இரண்டு ஏஜென்ட்களும் தனித்தனியாகவே இருக்க வேண்டும், ஏற்கெனவே வாங்கிவந்த கடைக்காரருக்குச் சாமான் இல்லை என்று சொல்லக்கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். ஷிராஸ் வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கொண்டுவந்தார். அக்கா அவர் முதல் கரண்டி சாப்பிடும்வரை காத்திருந்தார்.

அடுத்த வாரம் பெரிய ஏஜென்டின் வான் கடிதம் கேட்காமலே பெட்டிகளை இறக்கியது. பழுதானதை அனுப்பியிருப்பார்கள் என்று அக்கா ஒவ்வொரு டிஸ்க்கையும் மாட்டிச் சோதித்தார். எல்லாம் வேலை செய்தன. "பிறகு கெடுமோ தெரியாது" என்றார்.

அந்தத் துணிப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஒரு நாள் கோப்பை கழுவ அதிலிருந்த சவர்க்காரத்தை எடுத்துவிட்டேன். அக்கா என்னை ஏசவில்லை. பின்னேரம் பக்கத்துக் கடைக்குப் போய்ப் புதிய சவர்க்காரம் ஒன்று வாங்கிவந்து, பிரிக்காமலே பைக்குள் வைத்தார்.